கேப்டனின் கறுப்புப் பானை

அத்தியாயம் 6

மேட்டில் ஏற மறுத்த காரை முகுந்த் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டிருந்தான். முன்னால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி மைதிலி ராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு லைசன்ஸ் கிடையாது. ஓட்டுநர் தேர்வில் நான்கு முறை தோற்றவள். நேராகப் பிடித்துக்கொண்டிருக்க லைசன்ஸ் எதற்கு என்பது அவள் கட்சி.

"கெதியாத் தள்ளும் முகுந்த். மணி ஒண்டு இருபது. மூண்டு மணிக்கு அந்த மனிசன்ரை வேலை போகப்போகுது."

"என் முதுகு இப்பவே போயிடுச்சுக்கா."

மைதிலி டார்ம்ஸ்டாட்டில் ஒரு பெரிய துணிக்கடையின் துப்பறிவாளர். சட்டைக்கு மேல் சட்டை போட்டுக்கொண்டு நழுவுகிறவர்களைப் பன்னிரண்டு வருடமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். சனி, ஞாயிறுகளில் தமிழ்க் குடும்பங்களின் வழக்குகள். திருச்சிக்காரனான முகுந்த் வாரத்தில் ஐந்து நாள் சாஃப்ட்வேர் எழுதுவான். மீதி இரண்டு நாள், அவள் வீட்டு மாடி அறையில் குடியிருக்கிற பாவத்துக்காக, அவளுக்கு உதவியாளன். அசிஸ்டென்ட் டிடெக்டிவ் என்று விசிட்டிங் கார்டு அடிக்க ஆசைப்பட்டான். டிரைவர் என்று அடித்தால் போதும் என்று சொல்லிவிட்டாள்.

மேடு முடிந்ததும் ஆப்பிள் மரங்களுக்கு நடுவே அந்த வீடு தெரிந்தது. வீடு என்று சொல்வதா, கோபுரம் என்று சொல்வதா? கருங்கல்லில் ஒல்லியாக, உயரமாக நான்கு மாடி. கையை விட்டால் மாட்டிக்கொள்ளும் அகலத்துக்கு ஜன்னல்கள். மேலே நான்கு மூலையிலும் கூம்புத் தொப்பி போட்ட குட்டிக் கோபுரங்கள். ஸ்காட்லாந்து மலைகளில் நிற்கவேண்டியது, ஜெர்மனியின் ஓடன்வால்ட் மலையில் ஆடுகளுக்கு நடுவே வழிதவறி வந்ததுபோல் நின்றுகொண்டிருந்தது.

உண்மையும் கிட்டத்தட்ட அதுதான். 1632-இல் கூலிப்படையோடு போருக்கு வந்த ஆர்ச்சிபால்ட் என்ற ஸ்காட்டிஷ் கேப்டன், இந்த ஊர் மாவு ஆலைக்காரரின் மகளைப் பார்த்து மயங்கி, போரை மறந்து, தன் ஊர் வீட்டைப் போலவே இங்கே ஒன்று கட்டிக்கொண்டு தங்கிவிட்டான்.

"அந்தக் காலத்துலயே மாப்பிள்ளைக்குச் சொந்த வீடு இருக்கான்னு கேட்டிருக்காங்க பாருங்க," என்றான் முகுந்த், மூச்சு வாங்க.

வாசலில் குமுதினி அக்கா நின்றிருந்தாள். காஞ்சிபுரம் பட்டு, தலையில் பூ, முகத்தில் கல்யாண வீட்டுக் களை. பக்கத்தில் மேசை போட்டு வாழையிலை விரித்து, அரிசி பரப்பி, நிறைகுடமும் குத்துவிளக்கும் வைத்திருந்தாள். ஜெர்மனியில் மாவிலைக்கு எங்கே போவது? வேலியோரச் செடியிலிருந்து பளபளப்பான இலைகளை ஒடித்துத் தேங்காயைச் சுற்றிச் செருகியிருந்தாள். அரிசியில் மட்டும் தாராளம். அரை மூட்டைக்குக் குறையாது.

"வாங்கோ, வாங்கோ! விழாவுக்கு முதல் ஆக்களா வந்திட்டியள். சந்தனம் எடுங்கோ தம்பி."

முகுந்த் சந்தனத்தைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டு, குடத்துக்கு ஒரு கும்பிடும் போட்டான். உள்ளேயிருந்து ஓடிவந்த விஜயரத்தினம் இருவரையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினார். அவர்தான் இந்த வீட்டின் ஹவுஸ்மைஸ்டர். விளக்கு மாட்டுவது முதல் கூரை ஒழுக்கு அடைப்பது வரை வீட்டுப் பொறுப்பு முழுக்க அவருடையது. ஐம்பத்தைந்து வயது. அன்று எழுபது தெரிந்தது.

"அவவுக்கு ஒண்டும் சொல்லிப்போடாதேங்கோ தங்கச்சி," என்றார் படியேறியபடியே. "மனிசிக்குப் பிரஷர். நீங்கள் விழாவுக்கு வந்த ஆக்கள் எண்டு சொல்லி வைச்சிருக்கிறன்."

முதல் மாடியில் கூடம். ஒரு மாட்டையே நிறுத்தி வைக்கலாம் என்கிற அளவுக்குப் பெரிய கணப்படுப்பு. அதற்குள் ஒரு இரும்புக் கொக்கி வெறுமனே தொங்கிக்கொண்டிருந்தது. மைதிலி அதை விரலால் தட்டிவிட்டாள். கிரீச் என்றது.

"இதிலைதானோ?"

"ஓம். கேப்டன் ஸ்கொட்லாண்டிலையிருந்து குதிரையிலை கட்டிக்கொண்டு வந்த பானை. வெண்கலமாம், ஆனால் கரிதான் தெரியும். அவ்வளவு கறுப்பு. இவ்வளவு காலமும் ஊர் வரலாற்றுச் சங்கத்தின்ரை அலுமாரிக்குள்ளைதான் பூட்டிக் கிடந்தது. பேப்பர்காரன் படம் எடுக்கவேணும் எண்டு நேற்றுப் பின்னேரம்தான் கொண்டுவந்து தந்தவை. நான்தான் கையெழுத்து வைச்சு வாங்கி இதிலை கொழுவினனான். காலமை ஒன்பது மணிக்கு வந்து பாத்தால் காணேல்லை."

"மூண்டு மணிக்கு என்ன?"

விஜயரத்தினம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சங்கத் தலைவி ஃப்ராவ் எபர்லைன் வாறா. கேப்டன் வந்து முந்நூற்று எழுபத்தைஞ்சு வருச விழா. பானையை ஸ்கொட்லாண்டுக்குக் குடுக்கப்போகினம். கேப்டன்ரை தமையன்ரை வழியிலை வந்த ஒருத்தர், ஹேமிஷ் எண்டு பேர், வாங்கிக்கொண்டு போக வந்து நிக்கிறார். மேல் மாடியிலைதான் ராத்திரிப் படுத்தவர். பானை இல்லையெண்டால் எனக்கு வேலையும் இல்லை, வேலையோடை வந்த வீடும் இல்லை. அந்த மனிசி ஒரு துடைப்பம் துலைஞ்சதுக்கே மூண்டு கடிதம் போட்டவ."

"வாசல் கதவு?"

"ஒரே கதவு. உள்ளுக்குப் பூட்டினபடி. ராத்திரி உள்ளை இருந்தது நான், என்ரை மனிசி, அந்த ஹேமிஷ். வேறை ஒருத்தரும் இல்லை."

முகுந்த் விரலைச் சொடுக்கினான். "கேஸ் முடிஞ்சுது அக்கா. மூணு பேர். ஒருத்தர் கிளையன்ட், ஒருத்தர் பேஷன்ட். மிச்சம் இருக்கிறவன்தான் கல்ப்ரிட்."

"அண்டைக்கும் இப்பிடித்தான் ஒரு கர்ப்பிணிப் பெம்பிளையின்ரை வயித்தைக் கம்பளிச் சட்டை எண்டு சொன்னீர்."

முகுந்த் அந்தப் பேச்சைக் கேட்காதவன்போல் மேல் மாடிக்கு ஏறினான். ஹேமிஷ் கண்ணாடி முன் நின்று தாடியைச் சீவிக்கொண்டிருந்தார். ஆறேகால் அடி உயரம், செம்பட்டைத் தாடி, முழங்கால் வரைக்கும் கட்டம் போட்ட பாவாடை. பாவாடைக்கு முன்னால் ஒரு மயிர்த்தோல் பை தொங்கியது. அது ஏழு மாதம்போல் புடைத்திருந்தது.

"எக்ஸ்கியூஸ் மீ சார்," என்றான் முகுந்த், வரவழைத்த தைரியத்தோடு. "அந்தப் பையைத் திறக்க முடியுமா?"

ஹேமிஷின் முகம் தாடி நிறத்துக்கு வந்தது. பிறகு தோளைத் தொங்கப்போட்டுக்கொண்டு பையைத் திறந்தார். உள்ளே, பேப்பர் கைக்குட்டையில் சுற்றி, ஏழு உளுந்து வடை.

சமையலறையில் மணம் வந்ததாம். யாரும் பார்க்கவில்லையாம். எட்டு எடுத்தாராம். ஒன்று ஏற்கெனவே உள்ளே போய்விட்டதாம். தயவுசெய்து அந்த அம்மாளிடம் சொல்லவேண்டாமாம்.

முகுந்த் கீழே வந்து அறிக்கை கொடுத்தான். "திருடன்தான் அக்கா. ஆனா வேற டிபார்ட்மென்ட்."

மைதிலி அதைக் காதில் வாங்கவில்லை. கூடத்திலிருந்து கீழ்த்தளத்துக்கு இறங்கும் சுழல் படிக்கட்டில் உட்கார்ந்து சுவரை முகர்ந்துகொண்டிருந்தாள். எதிரிகள் ஏறி வந்தால் வாள் வீச இடமில்லாதபடி கட்டிய படிக்கட்டு அது. ஒரு ஆள் போனால் இன்னொரு ஆள் மூச்சைப் பிடிக்கவேண்டும்.

"இதைப் பாரும். கரி."

வெளிப்பக்கச் சுவரில் கறுப்பாக ஒரு தீற்றல். நாலு படி தள்ளி இன்னொன்று. கடைசிப் படி வரைக்கும் இருந்தது. எல்லாம் ஒரே உயரத்தில், ஒரே பக்கத்தில்.

"பானையோட இறங்கியிருக்காங்க. சுவர்ல உரசியிருக்கு. இதுல என்ன?"

"அந்த மூலையிலை கிடக்கிற வாளியை எடுத்துக்கொண்டு மேலை போம். பானை எண்டு நினைச்சுத் தூக்கிக்கொண்டு இறங்கும்."

முகுந்த் வாளியை இரண்டு கையாலும் முன்னால் பிடித்துக்கொண்டு இறங்கினான். வாளி எங்கேயும் உரசவில்லை. அவன் முழங்கைதான் இரண்டு பக்கமும் சிராய்த்தது.

"தலையிலை வைச்சு இறங்கும்."

தலையில் வைத்து இறங்கினான். வாளி மேல்படியின் அடியில் இடித்து, அவன் கழுத்து உள்ளே போனது.

"இப்ப இடுப்பிலை வைச்சு இறங்கும்."

"அக்கா, நான் ஒரு எம்.எஸ்."

"இடுப்பிலை."

முகுந்த் வாளியை இடுப்பில் ஏற்றி, ஒரு கையால் அணைத்து, இடுப்பை ஒடித்துக்கொண்டு இறங்கினான். சர், சர் என்று வாளியின் வயிறு வெளிச்சுவரில் உரசியது. கரித் தீற்றல் இருந்த அதே உயரம். அதே நேரம் பார்த்துக் கீழிறங்க வந்த ஹேமிஷ், ஒரு இளைஞன் வாளியோடு இடுப்பை ஆட்டிக்கொண்டு போவதைக் கண்டு, தான் பார்க்கக்கூடாததைப் பார்த்துவிட்டவர்போல் மேலேயே திரும்பிப் போய்விட்டார்.

"எங்கடை ஊர் ஆம்பிளையும் சரி, பாவாடை கட்டின ஆம்பிளையும் சரி, பானையை இடுப்பிலை வைக்கமாட்டினம்," என்றாள் மைதிலி. "ஆர் வைக்கிறது?"

முகுந்துக்கு அப்போதுதான் உறைத்தது. குடத்தை இடுப்பில் வைத்தே பழகிய ஒருத்தி இந்த வீட்டில் இருந்தாள். காஞ்சிபுரம் கட்டிக்கொண்டு வாசலில் சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"பேஷன்ட்டா?" என்றான் மெதுவாக.

கொல்லைப்புறத்தில் ஆடுகளுக்கான கல்தொட்டி இருந்தது. தண்ணீர் மையைக் கரைத்ததுபோல் கறுத்துக் கிடந்தது. தொட்டியோரம் ஒரு ஆடு எதையோ மென்றுகொண்டிருந்தது. ஒவ்வொரு மெல்லுக்கும் உதட்டைச் சுருட்டி, கண்ணை இறுக்கி மூடி, உடம்பை ஒரு சிலுப்புச் சிலுப்பி, மறுபடி மென்றது. மைதிலி அதன் வாயோரத்திலிருந்து ஒரு நாரை உருவி எடுத்தாள்.

"பழப்புளி," என்றாள். "பக்கத்திலை சாம்பலும் கிடக்கு. இனி உம்மடை மூளைக்கு ஒரு வேலை. கரி பிடிச்ச வெண்கலப் பானையைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ச்சால் என்ன வரும்?"

"தங்கம் மாதிரி வரும். எங்க அம்மா பொங்கலுக்கு முன்னாடி..." முகுந்த் பாதியில் நிறுத்தினான். வாசலில் தான் போட்ட கும்பிடு அவனுக்கு ஞாபகம் வந்தது. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான்.

மணி இரண்டு நாற்பது. மைதிலி வாசலுக்குப் போனாள். பின்னாலேயே கையைப் பிசைந்துகொண்டு விஜயரத்தினமும் வந்தார்.

"குமுதினி அக்கா, நிறைகுடத்துக்கு ஏன் இவ்வளவு அரிசி?"

"அதையேன் கேக்கிறியள் தங்கச்சி," என்றாள் குமுதினி. யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவள்போல் இருந்தது. "என்ரை குடத்தைப் பேர்லினுக்குத் திருவிழாவுக்குக் குடுத்திட்டன். காலமை பாத்தால் மேலை அடுப்படியிலை ஒரு பழம்பானை தொங்குது. ஒரே கரி! வெள்ளைக்காரர் வந்து பாத்தால் எங்களை என்ன சொல்லுவினம்? தமிழ்ச்சனம் வீட்டை வைச்சிருக்கிற லட்சணம் எண்டெல்லோ சொல்லுவினம்? மூண்டு மணித்தியாலம் தேய்ச்சனான். தேய்ச்சாப் பிறகு பாத்தால் மூண்டு கால்! காலோடை நிறைகுடம் எங்கையும் இருக்கோ? அதுதான் காலை மறைக்க அரிசியைக் கொட்டினனான்."

இரண்டு கையாலும் அரிசியை விலக்கினாள். மூன்று குட்டிக் கால்களோடு, தேங்காயைத் தலையில் வைத்துக்கொண்டு, கேப்டன் ஆர்ச்சிபால்டின் கறுப்புப் பானை பொன்போல் ஜொலித்தது.

விஜயரத்தினம் வாசல் படியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"இவருக்கு என்ன?" என்றாள் குமுதினி. "காலமை பத்து மணிக்கு இதுக்கு முன்னாலை நிண்டு கண்ணீர்விட்டுத் தேவாரம் படிச்சவர். இப்ப முழி பிதுங்குது."

"அதைக் கண்டுபிடிச்சுத் தா எண்டு அதிட்டையே கேட்டிருக்கிறன்!" என்று அலறினார் விஜயரத்தினம். எல்லாவற்றையும் சொன்னார். சொல்லச் சொல்லக் குமுதினியின் முகத்திலிருந்த களை இறங்கிக்கொண்டே போனது. கடைசியில் அவள் பானையையும் தன் கையையும் மாறி மாறிப் பார்த்தாள். நகக்கண்ணில் இன்னும் கரி இருந்தது.

"உந்தப் பானைக் கதையை நேற்றே எனக்குச் சொல்லியிருக்கலாமே?"

"உனக்குப் பிரஷர் எண்டு..."

"இந்த ஆட்டைக் கூடக் கூப்பிட்டு விசாரிச்சிருக்கிறியள். என்னை ஒருத்தரும் ஒரு வார்த்தை கேக்கேல்லை."

முகுந்துக்கு வெட்கமாக இருந்தது. பேஷன்ட் என்று ஒதுக்கியவன் அவன்தான். வெட்கத்தை மறைக்க வேலையில் இறங்கினான். ஷூ பாலிஷ் போட்டால் என்ன? மெழுகுவர்த்திப் புகை காட்டினால் என்ன? மூன்று நூற்றாண்டுக் கரியைப் பதினைந்து நிமிடத்தில் திரும்பக் கொண்டுவர அவனிடம் ஆறு யோசனை இருந்தது. விஜயரத்தினம் நிஜமாகவே ஷூ பாலிஷ் டப்பாவோடு ஓடிவந்தார். குமுதினி பானையை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

"தொட்டுப் பாருங்கோ! மூண்டு மணித்தியாலம் தேய்ச்சனான்!"

அந்த நேரம் பார்த்து ஒரு வெள்ளை நிறக் கார் புல்வெளியோரம் வந்து நின்றது. ஃப்ராவ் எபர்லைன் பத்து நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டாள். எழுபது வயது, ஈர்க்குச்சி உடம்பு, கழுத்தில் சங்கிலி கட்டிய மூக்குக்கண்ணாடி. முகம் துக்க வீட்டுக்கு வந்ததுபோல் இருந்தது. கேப்டனின் பானையை ஸ்காட்லாந்துக்குக் கொடுக்கக்கூடாது என்று சங்கத்தில் கடைசி வரை சண்டை போட்டவள் அவள். ஒரே ஒரு ஓட்டில் தோற்றவள். வடைப் பையோடு ஹேமிஷும் கீழே வந்து சேர்ந்தார்.

"பானை எங்கே?" என்றாள் ஃப்ராவ் எபர்லைன்.

முகுந்த் மைதிலியைப் பார்த்தான். பொய் சொல்வாள் என்று எதிர்பார்த்தான். நல்ல பொய்யாக ஒன்றை அவனே தயார் செய்தும் வைத்திருந்தான்.

"உங்களுக்கு முன்னால் இருக்கிறது," என்றாள் மைதிலி ஜெர்மனில். "கழுவி வைத்திருக்கிறோம்."

ஆடு ஒன்று கத்தியது. ஃப்ராவ் எபர்லைன் கண்ணாடியை மூக்கில் ஏற்றினாள். மேசையைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். இன்னொரு நடை நடந்தாள். அவள் உதடு துடித்தது. விஜயரத்தினம் முன்னால் வந்து தன் சாம்பல் நிற வேலைக் கோட்டைக் கழற்றி, மடித்து, இரண்டு கையாலும் நீட்டினார். அவர் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்தபோது முகுந்துக்கு ஜோக் எதுவும் வரவில்லை.

"நான்தான் கையெழுத்து வைத்தேன்," என்றார். "பிழை என்னுடையது. என் மனைவியை ஒன்றும் சொல்லாதீர்கள்."

ஃப்ராவ் எபர்லைன் கோட்டை வாங்கிக்கொண்டாள். ஆனால் அவரைப் பார்க்கவில்லை. பானையின் வயிற்றை மூடியிருந்த இலைகளை ஒவ்வொன்றாக ஒதுக்கினாள். அவள் விரல் ஓரிடத்தில் நின்றது. கரிக்கு அடியில் இத்தனை காலம் ஒளிந்திருந்த எழுத்துகள் வெண்கலத்தில் புடைத்து நின்றன. அவள் உரக்கப் படித்தாள்.

"மார்கரெட்டே. ஆலைக்காரர் மகள். 1629."

"கேப்டன் எப்ப வந்தார்?" என்று மைதிலி தமிழில் முகுந்தைக் கேட்டாள். விடை தெரிந்துகொண்டே கேட்டாள்.

"1632," என்றான் முகுந்த். "அப்படின்னா... கேப்டன் இந்த ஊருக்கு வர்றதுக்கு மூணு வருஷம் முன்னாடியே பானை இங்க இருந்திருக்கு. குதிரையில கட்டிக் கொண்டுவந்ததெல்லாம் கதையா?"

"கட்டின சட்டையோடை வந்த மாப்பிள்ளை. பானை பெம்பிளை வீட்டுச் சீதனம்."

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை கேள்விப்பட்டிருக்கிறான் முகுந்த். பானை தேய்க்க மணப்பெண் புறப்பட்டதை அன்றுதான் பார்த்தான். ஃப்ராவ் எபர்லைன் சிரிக்க ஆரம்பித்தாள். முதலில் தோள் குலுங்கியது, பிறகு கண்ணாடி மூக்கிலிருந்து நழுவிச் சங்கிலியில் ஆடியது. அவளும் அந்த ஆலை வீட்டு வாரிசுதான். பன்னிரண்டாம் தலைமுறை. சின்ன வயதிலிருந்து கேப்டன் பெருமை கேட்டுக் கேட்டுக் காது புளித்தவள்.

ஹேமிஷிடம் திரும்பி, ஒப்பந்தத்தை எடுத்து நீட்டினாள். "கேப்டன் ஸ்காட்லாந்திலிருந்து கொண்டுவந்த பானையைத் தருவதாகத்தான் எழுதியிருக்கிறோம். அப்படி ஒன்று கிடைத்ததும் கட்டாயம் அனுப்பிவைக்கிறேன். இது எங்கள் வீட்டுப் பெண்ணுடையது."

ஹேமிஷ் ஒப்பந்தத்தை இரண்டு முறை படித்தார். தாடியைச் சொறிந்தார். பிறகு, பானை இல்லையென்றால் பரவாயில்லை, வடை இன்னும் இருக்கிறதா என்று கேட்டார்.

"கரி மருந்துக்குக்கூட இல்லை," என்றாள் ஃப்ராவ் எபர்லைன், மூச்சு வாங்கியபடி. "சங்கத்தில் மூன்று பேராசிரியர்கள் இருக்கிறார்கள். அதைப் பத்திரமாகப் பாதுகாக்கவேண்டும், தொடக்கூடாது என்று நாற்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கும் கழுவிப் பார்க்கத் தோன்றவில்லை."

குமுதினிக்கு அந்த ஜெர்மன் முழுதாகப் புரியவில்லை. கை கட்டி, தீர்ப்புக்குக் காத்திருப்பவள்போல் நின்றாள். ஃப்ராவ் எபர்லைன் விஜயரத்தினத்தை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஹெர் விஜயரத்தினம், காலை முழுக்க எதிரில் இருந்த பானையை உங்களால் பார்க்க முடியவில்லை. ஹவுஸ்மைஸ்டர் வேலைக்கு இது போதாது."

விஜயரத்தினம் தலையைக் குனிந்துகொண்டார். அவள் சாம்பல் நிறக் கோட்டை உதறி விரித்து, காஞ்சிபுரம் பட்டுக்கு மேல் குமுதினியின் தோளில் போட்டுவிட்டாள். கை இரண்டும் நீளமாகத் தொங்கின.

"என்னவாம்?" என்றாள் குமுதினி மிரண்டுபோய்.

"திங்கக்கிழமை வந்து கையெழுத்து வைக்கட்டாம் அக்கா," என்றாள் மைதிலி. "இனி இந்த வீட்டுக்கு ஹவுஸ்மைஸ்டர் நீங்களாம். வீடும் உங்களுக்குத்தானாம். அண்ணையை உதவிக்கு வைச்சிருக்கிறதோ இல்லையோ எண்டது உங்கடை விருப்பமாம்."

குமுதினி கோட்டின் கைகளை நிதானமாக மடித்து விட்டுக்கொண்டாள். பொத்தானைப் பூட்டினாள். கணவரைப் பார்த்தாள். பதில் சொல்ல அவள் எடுத்துக்கொண்ட நேரத்தில் முகுந்த் இரண்டு வடை தின்று முடித்திருந்தான்.

"இஞ்சேருங்கோ," என்றாள் கடைசியில். "ஒரு மாசம் வைச்சுப் பாக்கிறன். ஆனால் ஒண்டு. இனி இந்த வீட்டிலை என்ன காணாமல் போனாலும் முதல் எனக்குத்தான் சொல்லவேணும்."

"ஓம்," என்றார் விஜயரத்தினம்.

"என்ன துலைஞ்சாலும்."

"ஓம் எண்டுறன்."

"அப்ப சொல்லுங்கோ. என்ரை வடையிலை எட்டுக் குறையுது. ஆர் எடுத்தது?"

விஜயரத்தினத்துக்கு ஒன்றும் தெரியாது. ஹேமிஷுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அந்தக் குரல் அவருக்குப் புரிந்துவிட்டது. ஆறேகால் அடி மனிதர் மெல்ல மெல்ல ஃப்ராவ் எபர்லைனின் பின்னால் ஒளிய ஆரம்பித்தார்.